சாதிக் கட்டத்தை நீக்கினால் நியாயம் வந்துவிடுமா?

அடையாறில் உள்ள சென்னை ஐஐடி, 2020 ஜூன் மாதத்தில் தரவு அறிவியல் பட்டப்படிப்பை இணையவழியில் தொடங்கியது. இதற்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைக் கற்றுத் தகுதித் தேர்வில் தேறினால் இடம் கிடைக்கும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு வருமானத்தைப் பொறுத்து 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகையும் உண்டு. மடிக்கணினியும் ஆங்கிலமும் இன்னும் தடைகளே. ஆயினும், நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்கு இலட்சங்களைச் செலவிட இயலாத குடும்பங்களுக்கு இது திறந்த வாயில். அவ்வழியே செல்லும் நம் பிள்ளைகள் எழுப்ப வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கல்வித் தரவுகளில் சாதியை எந்த இடத்தில் வைப்பது?

தமிழ்நாட்டில் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை, ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் வழங்கி, வருகை, பயிற்று மொழி, வகுப்புப் பிரிவு ஆகியவற்றைப் பதிவு செய்கிறது. இத்தகைய தரவுகளைக் கொண்டு, எந்த மாணவர் படிப்பை நிறுத்துவார் என இயந்திரக் கற்றல் மூலம் முன்கூட்டியே கணிக்க முடியும் என்கின்றனர். ஆந்திர அரசு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துடன் இணைந்து அதை முயன்றும் பார்த்தது.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 2012 முதல் இத்தகைய முறையைப் பயன்படுத்தி வந்தது. தேர்வு மதிப்பெண், வருகை ஆகியவற்றோடு இனமும் அதில் ஓர் உள்ளீடு. ‘உரிய காலத்தில் பள்ளிப் படிப்பை முடிக்க மாட்டார்’ என்று அது கணித்தவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு தவறாயின என்பதை, ‘தி மார்க்கப்’ இதழ் 2023இல் வெளிக்கொணர்ந்தது. பொய் எச்சரிக்கை விகிதம் வெள்ளையின மாணவர்களைவிடக் கறுப்பின மாணவர்களுக்கு 42 விழுக்காட்டுப் புள்ளிகள் அதிகம். சிவப்பு அடையாளம் விழுந்த பிள்ளையை ஆசிரியர் எந்தக் கண்ணோடு பார்ப்பார் என்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அப்படியானால் சாதிக் கட்டத்தை அழித்துவிடலாமே என்பது எளிதாகத் தோன்றும் விடை. அது பயன் தராது. சென்னையையே எடுத்துக்கொள்வோம். அடையாறு, கூவம் கரைகளில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அப்புறப்படுத்தப்பட்டன. அவர்களில் தலித்துகள் பெருமளவினர். கல்வியாண்டின் நடுவே வீடு பெயர்க்கப்பட்ட பிள்ளை, பழைய பள்ளிக்குப் பேருந்தில் நெடுந்தொலைவு செல்ல வேண்டும், இல்லையேல் புதிய பள்ளி தேட வேண்டும். வருகை குறைகிறது. கணினியில் சாதி இல்லை; அஞ்சல் குறியீட்டு எண் இருக்கிறது, வருகைக் குறைவு இருக்கிறது, தமிழ்வழி இருக்கிறது. இவை மூன்றும் சேர்ந்தால் சாதி திரும்பி வந்துவிடும். இதில் கொடுமை என்னவெனில், வெளியேற்றியது அரசு; ‘இடர் மிக்கவர்’ என்ற முத்திரை பிள்ளைக்கு.

எனவே, தனி ஒரு மாணவரைக் கணிக்கும் உள்ளீடாகச் சாதி இருக்கக் கூடாது. அந்தக் கணிப்பு முறையையே தணிக்கை செய்யும் அளவுகோலாக அது கட்டாயம் இருக்க வேண்டும். பொய் எச்சரிக்கை எந்தச் சமூகத்தின் மீது அதிகம் விழுகிறது என்பதைச் சாதிவாரித் தரவின்றிக் கண்டறிய வழியே இல்லை. நீதிபதி ஏ.கே. இராஜன் குழு 2021இல் செய்ததும் இவ்வகைத் தணிக்கைதான். மருத்துவச் சேர்க்கையை நீட்டுக்கு முன்னும் பின்னும் எனப் பிரித்து, அரசுப் பள்ளி, தமிழ்வழி, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று தனித்தனியே ஆராய்ந்தது. குழு எடைபோட்டது தேர்வை, மாணவரை அன்று.

சட்டம் இங்கே பலவீனமாக இருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கான 2019ஆம் ஆண்டு மசோதா, சாதியையும் பழங்குடி அடையாளத்தையும் நுண்ணுணர்வுத் தரவாக வகைப்படுத்தியது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. ஆனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(ஈ) பிரிவு, நிர்வாக முடிவுகளுக்கான காரணத்தைப் பாதிக்கப்பட்டவருக்குத் தர வேண்டும் என்கிறது. கணினி சொன்னது என்பது காரணம் ஆகாது. எந்த உள்ளீடுகள், எவ்வளவு பிழை, எந்தச் சமூகத்துக்கு எவ்வளவு பிழை ஆகியவற்றை, அத்தகைய முறையைக் கொண்டுவரும் எந்தக் கல்வித் துறையும் நடைமுறைக்கு முன்பே வெளியிட வேண்டும். அந்தக் கணக்கைச் சரிபார்க்கத் தெரிந்தவர்கள் நம் தரப்பிலும் இருந்தாக வேண்டும். வழக்குரைஞர்களால் மட்டும் அது ஆகாது.