ஏல நோட்டீஸ்: 1864 முதல் இன்று வரை

"ஏலத்துக்கு வரும் வீடு, மனை விவரம் எங்கே கிடைக்கும் ஐயா?" என்று சிலர் கேட்கிறீர்கள். வாங்குபவரைவிடக் கடன்பட்டவர்தான் அதை முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டப்படி, தீர்வை பாக்கிக்கு நிலத்தை ஏலம் விட ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் ஒட்ட வேண்டும். கலெக்டர் ஆபீஸ், தாலுகா கச்சேரி (தொண்டூருக்கு இப்போது செஞ்சி), பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன், அந்த நிலம், இத்தனை இடத்திலும். முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் பாக்கியைக் கட்டினால் ஏலம் நின்றுவிடும். வெள்ளைக்காரன் சட்டம்தான், ஆனாலும் அந்தக் கடைசிப் பகலை விட்டுவைத்தான்.

2002இல் வந்த சர்ஃபாசி சட்டப்படி வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே விற்கலாம். முதலில் 60 நாள் நோட்டீஸ். பிறகு இரண்டு நாளிதழில் ஏல விளம்பரம், ஒன்று வட்டார மொழியில். அரசு வங்கிகளின் ஏலங்களை 'பேங்க்நெட்' தளத்திலும் பார்க்கலாம். ஆனால் 2016 திருத்தத்துக்குப் பின், ஏல விளம்பரம் வெளியாகும் நாளோடு சொத்தை மீட்கும் உரிமை முடிகிறது. 2023இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. சாகுபடி நிலத்தை இந்தச் சட்டம் தொடாது. வீட்டையும் மனையையும் தொடும். அதனால் அந்த 60 நாள் தபாலைப் பிரிக்காமல் பரணில் போடாதீர்கள். வாங்க நினைப்பவர்கள் பத்திரப்பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கம் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.