நண்டு அளந்த கணக்கு

லத்தீன் உரைநடைத் துண்டு ஒன்று. எழுதியவர் ஒருவர், திருத்தியவர்கள் 28 பேர். அத்தனை பேரும் அனுபவமுள்ள பரீட்சகர்கள். ஒருவர் 45 புள்ளி போட்டார். இன்னொருவர் முழுசாக 100 போட்டார். மற்றவர்களின் புள்ளிகள் இரண்டுக்கும் இடையில் சிதறிக் கிடந்தன. 1890இல் இந்தக் கூத்தை உலகுக்குக் காட்டியவர் பிரான்சிஸ் எட்ஜ்வர்த். அயர்லாந்தில் பிறந்து லண்டனில் படிப்பித்துக்கொண்டிருந்த பொருளியல் பேராசிரியர். அரசாங்க உத்தியோகத்துக்கான போட்டிப் பரீட்சைகளின் புள்ளிகளை அவர் வருடக்கணக்காகக் குடைந்துகொண்டிருந்தார். ஒருவன் உள்ளே போவதிலும் மற்றவன் வெளியே நிற்பதிலும் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று எழுதினார். கண்டிப்பான கையிடம் வாங்கிய 60 பெரிதா, தாராளமான கையிடம் வாங்கிய 70 பெரிதா? நோய் என்னவென்று எட்ஜ்வர்த்துக்குத் தெரிந்துவிட்டது. மருந்து மட்டும் எந்தப் பரீட்சை மண்டபத்திலும் கிடைக்கவில்லை. அது நேப்பிள்ஸ் கடலில் ஊர்ந்துகொண்டிருந்தது.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் விலங்கியல் பேராசிரியராக இருந்தவர் ரஃபேல் வெல்டன். டார்வினின் கொள்கையை எண்களால் சோதிக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. நேப்பிள்ஸில் ஆயிரம் நண்டுகளைப் பிடித்து ஓட்டின் நீள அகலங்களைப் பொறுமையாக அளந்தார். அளவுகளை வரைபடத்தில் போட்டால் நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சமமாகச் சரியும் மணி வடிவம் வரவேண்டும். பெரும்பாலும் வந்தது. நெற்றி அகலத்தில் மட்டும் வளைவு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அளந்ததில் பிழையா, நண்டில் பிழையா என்று புரியாத வெல்டன், அதே கல்லூரியில் கணிதம் படிப்பித்த நண்பரிடம் தாள்களைக் கொண்டுபோனார்.

நண்பர் பெயர் கார்ல் பியர்சன். சட்டம் படித்துவிட்டு வழக்காடப் போகாதவர். அதுவரை புள்ளிவிபரவியலில் பெரிய அக்கறை காட்டாதவரை நண்டுகள் இழுத்துப் பிடித்துக்கொண்டன. ஒரு கூட்டம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு தூரம் சிதறி நிற்கிறது என்பதை ஒரே எண்ணில் சொல்லும் அளவுகோலுக்கு 1893இல் ஒரு விரிவுரையில் பெயர் சூட்டினார். இலங்கைப் பாடநூல்கள் நியம விலகல் என்று சொல்வது அதைத்தான். அடுத்த வருடம் வெளியான கட்டுரையில் நண்டுப் புதிரையும் அவிழ்த்தார். சாய்ந்து நின்ற வளைவு உண்மையில் இரண்டு வளைவுகளின் கலப்பு. ஒரே கூட்டமென்று நினைத்து அளந்த நண்டுகளுக்குள் இரண்டு கூட்டங்கள் இருந்தன. ஆக, அந்தக் கட்டுரையில் ஓர் அளவுகோலும் இருந்தது, ஓர் எச்சரிக்கையும் இருந்தது: அளக்க முன்னர், நிற்பது ஒரு கூட்டமா இரண்டா என்று பார். அளவுகோல் உலகமெல்லாம் போனது. எச்சரிக்கையை எடுத்துப் போகத்தான் பலர் மறந்தார்கள்.

அளவுகோலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் வில்லியம் மெக்கோல், நியூயோர்க் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியின் கல்வியியல் அறிஞர். 1922இல் அவர் மாணவரின் மூலப்புள்ளியை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த மாணவர் தன் கூட்டத்தின் சராசரிக்கு எத்தனை நியம விலகல் மேலே அல்லது கீழே நிற்கிறார் என்பதை எடுத்துக்கொண்டார். சராசரிக்கு 50, ஒவ்வொரு நியம விலகலுக்கும் 10 என்று வகுத்து, தோர்ன்டைக், டெர்மன் என்ற இரு கல்வி உளவியலாளர்களின் முதலெழுத்தால் அதை ‘டி’ புள்ளி என்று அழைத்தார். கடினமான வினாத்தாளில் எடுத்த 60க்கும் இலகுவான வினாத்தாளில் எடுத்த 70க்கும் இடையிலான சண்டை தீர ஒரு வழி பிறந்தது. ஆனால் இதே மருந்து இலங்கைக்கு வந்தபோது முதலில் வேறொரு காரியத்துக்குத்தான் பயன்பட்டது.

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் பிறந்தது. 1945இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தது. பிறகு படிப்பு ஆங்கிலத்திலிருந்து சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாறியது. பாடசாலைக் கதவு அகலத் திறந்ததும் பல்கலைக்கழக வாசலில் நெரிசல் கூடியது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் இருந்த இடங்களோ சொற்பம். விஞ்ஞானப் பாடங்களும் தாய்மொழிக்கு மாறிய நிலையில், 1970இல் தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புள்ளியை அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. விசாரணையில் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் வதந்தி அதற்குள் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது.

1971 அனுமதியில் பொறியியலுக்குச் சிங்கள மொழிமூல மாணவர் 400க்கு 227 எடுத்தால் போதும், தமிழ் மொழிமூல மாணவர் 250 எடுக்கவேண்டும் என்று ஆனது. மருத்துவத்துக்கு 229, 250. கொழும்பு றோயல் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டு மொழிமூல வகுப்புகளும் ஒரே கூரையின் கீழ் நடந்தன. ஒரே ஆய்வுகூடம், ஒரே பாடத்திட்டம். ஒரு வகுப்பில் 230 எடுத்தவன் பொறியியலாளன் ஆனான். பக்கத்து வகுப்பில் 245 எடுத்தவன் வீட்டுக்குப் போனான். வெளிப்படையான இந்த வித்தியாசத்தை நியாயப்படுத்துவது அரசாங்கத்துக்கே சங்கடமாக இருந்தது. சங்கடம் தீர்க்க ஒரு சூத்திரம் தேடினார்கள்.

1973இல் சூத்திரம் வந்தது. ஒவ்வொரு மொழிமூலத்தையும் தனித்தனிக் கூட்டமாக எடுத்து, புள்ளிகளை ஒரு பொது அளவுக்கு மாற்றினார்கள். விளைவாக, எந்த மொழியில் எத்தனை பேர் பரீட்சை எழுதினார்களோ அதே விகிதத்தில் தெரிவும் அமைந்தது. பியர்சனின் குடும்பத்துக் கணக்குத்தான். கூட்டம் பிரித்த இடத்தில்தான் அரசியல் புகுந்தது. தமிழர் வீடுகளில் அதற்குத் ‘தரப்படுத்தல்’ என்று பெயர். மறுவருடம் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்துகொண்டது. பேராதனையின் வரலாற்று அறிஞர் சி. ஆர். டி சில்வா இந்த மாற்றங்களை வருடம் வருடமாக, பீடம் பீடமாகப் பிரித்து ஆராய்ந்து அந்தத் தசாப்தத்திலேயே எழுதினார். ஆய்வுக் கட்டுரைகளுக்கு வெளியே, தமிழ் இளைஞர் அரசியலின் முதல் நெருப்புகளில் ஒன்றாகத் தரப்படுத்தல் எரிந்துகொண்டிருந்தது.

1977இல் ஆட்சி மாறியது. மொழிவாரித் தரப்படுத்தல் போனது. 1979 முதல் 30 வீதம் திறமைக்கு, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கு, 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பங்கு பிரிந்தது. பங்குகள் பின்னர் மாறினாலும் நான்கு பாடங்களின் மூலப்புள்ளிகளைக் கூட்டி வரிசைப்படுத்தும் வழக்கம் அப்படியே நின்றது. மொழிப் பிரச்சினை ஓய்ந்ததென்று எல்லோரும் மூச்சு விட்டபோது எட்ஜ்வர்த்தின் பழைய பேய் எட்டிப் பார்த்தது. கலை, வர்த்தகப் பிரிவுகளில் பாடத் தெரிவுகள் ஏராளம். ஒரு பாடத்தில் 75 எடுப்பது சாதாரணம், இன்னொன்றில் 55 எடுப்பதே மலை. புள்ளி சுலபமாக விழும் பாடத்தைத் தெரிந்தெடுத்த பிள்ளை முந்தியது. 2000ஆம் ஆண்டில் உயர்தரப் பாடங்கள் நான்கிலிருந்து மூன்றாகக் குறைந்தன. பழைய 400 புள்ளிக் கூட்டல் இத்தோடு செத்தது. புதிதாக எதைக் கூட்டுவது?

பதில் சொன்னவர் எந்தக் கல்வியியல் பீடத்தையும் சேர்ந்தவர் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்தில் புள்ளிவிபரவியல் படிப்பித்த பேராசிரியர் ஆர். ஓ. தட்டில். விவசாயப் புள்ளிவிபரவியலில் ஒரு பழைய பாடம் உண்டு. பள்ளத்து வயலின் விளைச்சலையும் மேட்டு வயலின் விளைச்சலையும் நேரடியாக ஒப்பிடக்கூடாது. ஒரே தன்மையுள்ள நிலத்துக்குள்தான் எந்த விதை சிறந்தது என்று பார்க்கவேண்டும். பாடங்களுக்கும் அதே நியாயம் பொருந்தியது. இம்முறை மொழியாலோ இனத்தாலோ பிள்ளைகளைப் பிரிக்கவில்லை. ஒரே பாடத்தை ஒரே வருடத்தில் எழுதியவர்கள் எல்லோரும் ஒரே கூட்டம். 2001 உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றியவர்களின் பல்கலைக்கழகத் தெரிவுக்கு இந்த முறை நடைமுறைக்கு வந்தது. அதன் பெயர் இசட் புள்ளி.

கணக்கு சின்னது. ஓர் உதாரணம்: இணைந்த கணிதத்தில் நாட்டுச் சராசரி 35, நியம விலகல் 20 என்றால், 65 எடுத்த பிள்ளை சராசரிக்கு 30 மேலே. முப்பதை இருபதால் வகுத்தால் 1.5. வேறொரு பாடத்தின் சராசரி 55, நியம விலகல் 15 என்றால், 70 எடுத்த பிள்ளைக்கு 1.0 மட்டுமே. கூடிய புள்ளி எடுத்தவர் பின்னால் நிற்கிறார். மூன்று பாடங்களின் இசட் பெறுமானங்களையும் கூட்டி மூன்றால் வகுத்தால் நான்கு தசமதானங்களோடு ஓர் எண் வரும். மருத்துவ பீடத்தின் வெட்டுப்புள்ளியும் அப்படித்தான் நான்கு தசமதானத்தில் வரும். கடைசித் தானத்தில் விழும் ஓர் இலக்கம் ஒரு குடும்பத்தின் கனவைத் தூக்கவும் செய்யும், போட்டு உடைக்கவும் செய்யும்.

முதல் வருடங்களில் அந்த எண் வீடுகளில் பெரிய குழப்பத்தைக் கிளப்பியது. மூன்று பாடமும் சித்தியடைந்த பிள்ளைக்கும் சில வேளை கழித்தல் குறியோடு இசட் புள்ளி வந்தது. நாட்டுச் சராசரிக்குக் கீழே நிற்கிறார் என்பதுதான் அதன் பொருள். சித்தியடைந்த பிள்ளைக்கு எப்படி சைபரை விடக் குறைவாகப் புள்ளி வரும் என்று கேட்ட பெற்றோருக்குப் பதில் சொல்லி ஆசிரியர்கள் களைத்தார்கள். வெள்ளவத்தை காலி வீதியை ஒட்டிய ஒழுங்கைகளிலும் கொட்டாஞ்சேனையிலும் ரியூசன் வகுப்புகள்தான் இந்த எண்ணை முதலில் வசப்படுத்தின. போன வருட வெட்டுப்புள்ளியை வைத்து இந்த வருட வாய்ப்பை எடைபோடும் கலை அங்கே வளர்ந்தது. பத்து வருடத்தில் இசட் புள்ளி பேச்சு வழக்கில் கரைந்துபோனது. அதன் மீது பெரிய சர்ச்சை எழவில்லை, 2011 டிசம்பர் வரை.

அந்த வருடப் பரீட்சையில் ஒரு சிக்கல் இருந்தது. புதிய பாடத்திட்டத்தில் படித்தவர்கள் முதல் தடவையாக எழுதினார்கள். பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியவர்களும் எழுதினார்கள். வினாத்தாள்கள் வேறு வேறு, சராசரிகள் வேறு வேறு. ஆனால் இரண்டு பிரிவினரையும் இணைத்தே இசட் புள்ளி கணிக்கப்பட்டது. நத்தார் தினத்தன்று பெறுபேறு வெளியானது. சந்தோஷம் ஒரு நாளும் நீடிக்கவில்லை. மாவட்ட நிலைகளில் தவறுகள் வெளிப்பட்டன, மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள், விவகாரம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நியம விலகல் என்றால் என்னவென்று சட்டத்தரணிகள் படிக்கவேண்டிய காலம் வந்தது.

2012 ஜூன் 25ஆம் திகதி தீர்ப்பு வெளியானது. பழைய பாடத்திட்டத்தாரும் புதிய பாடத்திட்டத்தாரும் இரண்டு வெவ்வேறு கூட்டங்கள். அவர்களைக் கலந்து கணித்த இசட் புள்ளிகள் செல்லாது, தனித்தனியே மறுபடி கணிக்கவேண்டும். பியர்சன் 1894இல் நண்டுகளில் கண்டுபிடித்த அதே விஷயம், 118 வருடங்கள் கழித்து இலங்கையின் அதியுயர் நீதிமன்றத்தில் சட்டமானது. கணக்கு மறுபடி போடப்பட்டது, மேலதிக மாணவர்களுக்கும் இடம் தேட வேண்டியிருந்தது. 2019இல் மறுபடியும் பழையதும் புதியதுமாக இரண்டு பாடத்திட்டங்கள் ஒரே பரீட்சையில் சந்தித்தபோது, வெட்டுப்புள்ளிகள் ஒழுங்காகத் தனித்தனியே வெளிவந்தன.

ஆனால் எல்லாக் கூட்டங்களையும் நீதிமன்றம் பிரித்துத் தந்துவிடவில்லை. இசட் புள்ளி எடுத்த பிறகும் பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்களே நாடு தழுவிய திறமைக்கு. மிகுதியில் பெரும்பங்கு மாவட்டங்களுக்குப் போகிறது. யுத்தத்தில் யாழ்ப்பாணத்தையோ வன்னியையோ விட்டு வந்து வெள்ளவத்தையில் குடியேறி அங்கேயே படித்த பிள்ளை, கொழும்பு மாவட்டத்தின் உயர்ந்த வெட்டுப்புள்ளியோடுதான் மோதவேண்டும். ஊரில் தங்கிப் படித்த ஒன்றுவிட்ட சகோதரனோ, அதைவிடக் குறைந்த இசட் புள்ளியோடு மருத்துவ பீடத்துக்குள் நுழைந்துவிடுவான். ஆய்வுகூடமும் ஆசிரியரும் இல்லாமல் படித்தவனுக்கு அது நியாயம்தான். கொட்டாஞ்சேனையில் ஓர் அறை வீட்டில் படித்தவனுக்கு அது நியாயமாகத் தெரியாது. ஒரு கூட்டத்துக்குள் யார் எங்கே நிற்கிறார் என்பதைப் பியர்சனின் அளவுகோல் நான்கு தசமதானம் வரை சொல்லும். யாரை எந்தக் கூட்டத்தில் நிறுத்துவது என்ற முடிவை ஒவ்வொரு தடவையும் மனிதர்கள்தான் எடுத்திருக்கிறார்கள், 1973இலும் 2001இலும் 2011இலும். மாவட்டக் கணக்கிலும் அந்த முடிவு அவர்கள் கையில்தான் இருக்கிறது.