பாட்ரோன் தந்த இரண்டு நாள் விருந்து: டீலோஸ் தீவின் தீரு வணிகர் தீர்மானம் குறித்து ஒரு மறுவாசிப்பு

டீலோஸ் தீவில் குடியேறிய கிழக்கத்திய வணிகரைப் பற்றி எழுதுவோர் கி.மு. 153/152ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்றைத் தவறாமல் எடுத்தாள்கின்றனர். தீரு நகரத்து வணிகரும் கப்பல் உடைமையாளரும் ஹெராக்கிளீசின் பெயரால் கூடிய சங்கம், தன் உறுப்பினரான தொரோதெயோஸ் மகன் பாட்ரோனைப் பாராட்டி நிறைவேற்றிய தீர்மானம் அது. அதை ஒரு வெளிநாட்டு வணிகக் கூடாரத்தின் ஆவணமாகவே நீண்ட காலமாகப் படித்து வருகிறோம். இந்த வணிகர்கள் உடலால் டீலோசிலும் மனத்தால் தீருவிலும் வாழ்ந்தவர்கள். சரக்கு இறக்கி ஏற்றும் இடைவேளையில் தாய்நகரின் தெய்வத்தை வணங்கியவர்கள். கோயிலுக்கு நிலம் கேட்டு, தீவை ஆண்ட ஏதென்சிடம் போனது அயலார் என்ற நிலையின் கட்டாயம். வழக்கமான விளக்கம் இப்படிப் போகும். கல்வெட்டின் நடுப்பகுதியை நிதானமாகப் படித்தால் இது நிற்காது என்பது என் துணிபு.

தீர்மானம் பாட்ரோனின் நற்செயல்களை வரிசையாகச் சொல்கிறது. சங்கத்தின் நலனுக்காகப் பொதுவில் பேசியும் செயல்பட்டும் வருகிறார். கடலோடும் வணிகர், கப்பல் உடைமையாளர் எல்லாரிடத்தும் தனிப்பட்ட முறையிலும் அன்பு காட்டுகிறார். சங்கம் பெருகியுள்ள இவ்வேளையில், ஹெராக்கிளீசுக்கு ஒரு திருவளாகம் அமைக்க இடம் தரும்படி ஏதென்ஸ் மக்களிடம் தூது அனுப்பத் தூண்டியவர் அவரே. தூதராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும் தம் சொந்தச் செலவில் கடல் கடந்து போய்க் காரியத்தை முடித்தார். மிக நெருக்கடியான ஒரு வேளையில் சங்கத்தின் நியாயங்களை எடுத்துரைத்தார். அடுத்து, தம் மகனுக்காகச் சங்கத்தாரை இரண்டு நாள் விருந்துக்கு அழைத்து உபசரித்தார் என்கிறது கல்.

இந்தக் கடைசிச் செய்தி ஆய்வாளர்களின் கண்ணில் படாமல் போனதில்லை. ஆனால் செல்வரின் கொடைக்கு ஒரு சான்று என்று குறித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். தூதும் விருந்தும் ஒரே பட்டியலில், ஒரே எடையோடு நிற்பதை யாரும் விளக்க முயலவில்லை. பாராட்டுத் தீர்மானங்களின் வாய்பாடுகளை நாம் அறிவோம்: நல்லெண்ணம், ஆர்வம், சொந்தச் செலவு ஆகியவை எந்த ஊர்க் கல்லிலும் வரும். ‘மகனுக்காக, இரண்டு நாள்’ என்பது அப்படிப்பட்டதன்று. கல்தச்சரின் கையிருப்பிலிருந்து அது வரவில்லை. அந்த ஆண்டு, அந்தச் சங்கத்தில் நடந்த ஒன்றின் நினைவு. ஆகவே முழுத் தீர்மானமும் வெறும் வாய்பாடு என்று ஒதுக்கும் வாதத்துக்கு இங்கே இடமில்லை.

விருந்து எதற்கு என்று கல் சொல்லவில்லை. மகன் பிறந்ததற்காக இருக்கலாம். வயது வந்ததற்காக இருக்கலாம். தந்தையின் சங்கத்தில் அவன் சேர்ந்த நாளாகவும் இருக்கலாம். மூன்றாவதையே நான் ஏற்க விரும்புகிறேன்; நிறுவ முடியும் என்று சொல்லவில்லை. எதை ஏற்றாலும் முடிவு ஒன்றுதான்: ஒரு குடும்பத்தின் வளர்ச்சியைச் சங்கம் தன் பொதுக் காரியமாகக் கொண்டிருக்கிறது. துறைமுகத்தில் காற்று திரும்பும்வரை காத்திருக்கும் ஆட்கள் மகனுக்காக இரண்டு நாள் பந்தி வைப்பதில்லை. பிற்காலத்து டீலோஸ் உடற்பயிற்சிக் கூடப் பட்டியல்களில் கிழக்கு நகரங்களையும் இத்தாலியையும் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் இடம்பெறுவதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்த தலைமுறையைத் தீவிலேயே வளர்க்கும் வழக்கம் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

பாட்ரோனுக்குக் கிடைத்த மரியாதைகளையும் இந்த நோக்கில் படிக்கலாம். ஆண்டுதோறும் பொசைடன் பலிவிழாவில் பொன்முடி; ஹெராக்கிளீஸ் வளாகத்திலும் அவர் விரும்பும் வேறிடத்திலும் வண்ணத்தில் தீட்டிய உருவப்படம்; சங்கக் கூட்டங்கள் அனைத்திலும் பங்குத்தொகையிலிருந்தும் செலவேற்கும் கடமைகளிலிருந்தும் விலக்கு. விலக்கு தரும் அளவுக்கு அவை சுமையாக இருந்தன என்பது வெளிப்படை. உறுப்பினர்கள் முறைவைத்துச் செலவை ஏற்றிருக்கிறார்கள்; பங்குப் பணம் கட்டியிருக்கிறார்கள்; தலைவர், பொருளாளர்கள், எழுத்தர் என்று பொறுப்பாளர்கள் மாறி மாறி வந்திருக்கிறார்கள். இவ்வளவும் ஓராண்டுத் தங்கலுக்கு உரிய ஏற்பாடு அல்ல. கூடிய இடத்தையும் கவனிக்கலாம்: அப்போலோவின் கோயில். தமக்கென இடமில்லாததால் அங்கே கூடினார்கள் என்பது சரியே. ஆனால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படும் கிரேக்க, ஃபீனிக்கிய இருமொழிக் கல் ஒன்று, தீரு நகரத்துத் திருப்பணி மாலுமிகள் தீரு, சீதோன் நகரங்களின் உருவங்களை அதே அப்போலோவுக்குப் படைத்ததைச் சொல்கிறது. அந்த வளாகம் தீரு மக்களுக்குப் பழகிய இடம்.

சங்கத்தின் வெளித்தொடர்பு எந்தத் திசையில் ஓடுகிறது? தீர்மானத்தில் தீரு நகரம் தன் தெய்வத்தின் வழியாகத்தான் வருகிறது. ஹெராக்கிளீஸ் தாயகத்தின் முதல்வர் எனப்படுகிறார். தீருவின் அரசோ, அதிகாரியோ, அங்கிருந்து வந்த பணமோ ஒரு வரியிலும் இல்லை. கப்பல் போவது ஏதென்சுக்கு. டீலோசிலேயே ஏதென்சின் ஆளுநரும் ஏதென்ஸ் குடியேறிகளின் சபையும் இருந்தும், பாட்ரோன் நேரே ஏதென்சின் ஆட்சிமன்றத்தையும் மக்கள் சபையையும் அணுகினார். சட்டக் கட்டாயம் என்பார்கள். கட்டாயம் இருந்திருக்கும். ஆனால் வேறு வழிகளும் இருந்தன. கி.மு. 164 அளவில் சராபிஸ் கோயில் பூசகர் தெமெத்ரியோஸ், டீலோசில் இருந்த ஏதென்ஸ் ஆட்சியின் தடையை எதிர்த்து ரோம் செனட்டிடம் போய் வழிபாட்டைத் தொடரும் ஆணை பெற்றார். அதைத் தீவில் எல்லாரும் அறிந்திருப்பர். பத்தாண்டு கழித்துத் தீரு வணிகர்கள் அந்த வழியை நாடவில்லை. தீவை ஆள்வோரோடு நேரடியாக, நல்லுறவில் பேசினார்கள். தொடர்ந்து வாழப்போகும் மக்கள் எடுக்கும் முடிவு அது.

பாட்ரோன், தொரோதெயோஸ், சங்கத் தலைவர் தியோனீசியோஸ் என்று எல்லாம் கிரேக்கப் பெயர்களாக இருப்பதால் இவர்கள் தீரு மக்கள்தானா என்ற ஐயம் அவ்வப்போது எழுப்பப்படுகிறது. தாய்மொழிப் பெயரோடு கிரேக்கப் பெயரும் வைத்துக்கொள்வது ஃபீனிக்கியரிடம் நெடுநாள் வழக்கம். இதில் நேரம் செலவிட வேண்டியதில்லை.

ஆண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டீலோசின் எழுச்சியைக் கொரிந்தும் கார்த்தேஜும் அழிந்த கி.மு. 146ஓடு முடிச்சுப் போடுவது பண்டைய புவியியலாளர் ஸ்த்ராபோவிடமிருந்து வந்த பழக்கம். அதற்கு ஆறேழு ஆண்டு முன்பே, தீவு ஏதென்ஸ் கைக்கு வந்து பதின்மூன்று, பதினான்கு ஆண்டுகளே ஆன நிலையில், இந்தச் சங்கம் தான் பெருகியிருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. பழைய டீலோஸ் மக்கள் கி.மு. 166க்குப் பின் அகாயாவுக்கு வெளியேற்றப்பட்ட தீவு அது. ஏதென்ஸ் குடியேறிகள் உட்பட எல்லாருமே வந்தவர்கள் என்னும்போது, தீரு மக்களை மட்டும் அயலார் என்று தனியே நிறுத்துவது நம் நூற்றாண்டுகளின் தேசக் கண்ணோட்டம். பின்னாளில் ஏதென்ஸ் ஆளுநர்களைப் போற்றும் கற்களில் ஏதென்சியரும் ரோமானியரும் மற்றவர்களும் ஒன்றாக நின்று பேசுகிறார்கள். டீலோசில் வாழ்வோர் ஒரு வகை, கப்பலில் வந்துபோவோர் இன்னொரு வகை என்றும் அவை பிரிக்கின்றன. பாட்ரோனின் சங்கத்தில் இரு வகையினரும் இருந்திருப்பர். தீர்மானத்தை எழுதியவர்கள் முதல் வகையினர்.

பெய்ரூத் வணிகரின் பொசைடன் சங்கத்தோடு ஒப்பிடுவது பயன் தரும். அவர்களின் கட்டடம் புனித ஏரிக்கு வடமேற்கில் அகழ்ந்து காணப்பட்டுள்ளது. தீருவினரின் ஹெராக்கிளீஸ் வளாகமோ இன்னும் அடையாளம் காணப்படவில்லை. பெய்ரூத் சங்கம் தன் கட்டட வேலைக்கு உதவிய ரோமானிய வங்கியர் மார்க்கஸ் மினாட்டியசுக்கும் ஒரு நீண்ட பாராட்டுத் தீர்மானம் எழுதியது. மினாட்டியஸ் வெளியிலிருந்து உதவிய நண்பர்; அவருக்குரிய மரியாதைகளைச் சங்கம் விருந்தினருக்குரிய கவனத்தோடு வகுக்கிறது. பாட்ரோன் வீட்டுக்காரர். அவருடைய மகனின் விருந்து ஏதென்ஸ் தூதுக்கு அடுத்தபடியாக எழுதப்பட்டதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஹெராக்கிளீஸ் வளாகம் என்றேனும் அகழ்வில் வெளிப்பட்டால் நாம் தேட வேண்டியது சரக்கறைகளை அன்று. பந்திக் கூடத்தையும் அதன் அளவையும்தான்.