சாகாமத்து வயலில் கிடைத்த கோது

போன வாரம் மாணவன் ஒருவன் வகுப்புக்கு ஒரு ரவைக் கோது கொண்டுவந்தான். சாகாமக் குளத்துக்குக் கீழே அவர்களுடைய வயலை உழுதபோது மிஷின் கிளறிவிட்டதாம். முழுக்கத் துரு, ஒரு பக்கம் மட்டும் செம்பு நிறம். "சேர், இது ஆரு சுட்டது?" என்று கேட்டான். அன்றைய பாடம் கண்டி இராச்சியம். அதை மூடி வைத்தோம்.

ஒரு ரவையில் பாய்ந்து போவது சன்னம். அதைப் பிடித்திருப்பது கோது. உள்ளே மருந்து, அடியில் ஊசி குத்தும் சிறு மூடி. சுட்டதும் சன்னம் போய்விடும், கோது பக்கத்தில் தெறித்து விழும். (சன்னத்தோடு கிடந்தால் பிள்ளைகள் தொடவே கூடாது. பொலிசுக்குச் சொல்லுங்கள்.)

அளந்து பார்த்தோம், 39 மில்லிமீற்றர். விஞ்ஞான கூடத்துக் காந்தம் ஒட்டிக்கொண்டது. பித்தளை என்றால் ஒட்டாது. இது செம்பு பூசிய உருக்கு, சீனத் தயாரிப்பில் வழமையானது.

ரவையின் பெயரில் உள்ள 7.62 எங்கிருந்து வந்தது? சார் மன்னர் காலத்து ரஷ்யர்கள் அங்குலத்தில் பத்தில் ஒன்றை ஒரு 'கோடு' என்று அளந்தார்கள். 1891இல் அவர்கள் செய்த துப்பாக்கிக்கு குழல் மூன்று கோடு. அதை மில்லிமீற்றரில் சொன்னால் 7.62. மன்னர் போனார், அளவு போகவில்லை.

நம் மூத்தவர்களுக்குத் தெரிந்த வெள்ளைக்காரனின் திறீ-நொட்-திறீ கோது இதைவிட ஒரு விரல் அகலம் நீளம். வெகு தூரம் சுட ஏற்றது, ஆனால் தோளில் நல்ல உதை. இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலான சண்டை முந்நூறு நானூறு மீற்றருக்குள்ளேயே முடிந்தது. அதற்கேற்ற குட்டை ரவையை ஜேர்மனி செய்தது. சோவியத் 1943இல் தன்னுடையதைச் செய்தது. பாரம் குறைவு, உதை குறைவு, ஒருவரே கூடுதலாகச் சுமக்கலாம், தொடர்ந்து சுடலாம். அந்த ரவைக்காக வந்ததுதான் கலாஷ்னிகோவ். அதைச் சீனா பார்த்துச் செய்த ஆண்டு 1956. ரி-56இல் உள்ள 56 அதுதான்.

இராணுவமும் அதிரடிப்படையும் அதைத்தான் தூக்கினார்கள். புலிகளும் அதே ரவையைத்தான் சுட்டார்கள். கோதின் அடியில் இரண்டு எண் இருக்கும்: மேலே தொழிற்சாலை, கீழே ஆண்டு. தேசிக்காய் தேய்த்துப் பார்த்ததில் 7 என்று ஓர் இலக்கம் தெரிந்தது, மற்றதைத் துரு தின்றிருந்தது. ஊசி குத்திய தடம் துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபடும். ஒப்பிட, சுட்ட துப்பாக்கியும் கையில் வேண்டுமே.

1986 பெப்ரவரியில் உடும்பன்குளத்தில் வயலில் நின்ற தமிழ் விவசாயிகள் கொல்லப்பட்டார்கள். 1990 ஓகஸ்ட் 3 காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர். சுட்டவர் ஆர் என்பதை இரண்டு இடத்திலும் கோது சொல்லவில்லை, தப்பியவர்கள்தான் சொன்னார்கள்.

மாணவனுக்கு அதைத்தான் சொன்னோம். "அப்ப வாப்பாட்டக் கேக்கிறன்" என்றான். மறுநாள் வந்து, வாப்பாவும் அப்போது சின்னப் பிள்ளையாம், அந்த வயல் பல போகம் சும்மா கிடந்தது மட்டும்தான் தெரியுமாம் என்றான். மூத்தப்பா மௌத்தாகிவிட்டார்.

அந்தப் பக்கம் அந்த நாளில் வயல் செய்த காக்காமார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம். கோது விஞ்ஞான கூட அலுமாரியில் இருக்கிறது.