ஆட்சி நட்ட மொழியும் பள்ளி காத்த மொழியும்

ஒரு மொழி தன் சிறப்பினால் மட்டும் உலகிற் பரவுவதில்லை. ஆட்சி அதனை நடுகின்றது. பள்ளி அதனைக் காக்கின்றது. இவ்வுண்மைக்குப் பிரெஞ்சு மொழியின் வரலாறு தக்க சான்றாகும்.

ஐரோப்பாவில் பிரான்சு, பெல்ஜியம், சுவிட்சர்லாந்து. ஆப்பிரிக்காவில் செனிகல், ஐவரி கோஸ்ட், கொங்கோ. அமெரிக்கக் கண்டத்தில் கியூபெக், எயிட்டி. பசிபிக் கடலில் நியூ கலிடோனியா எனப் பல நிலங்களில் இம்மொழி வழங்குகின்றது. இன்று இதனைப் பேசுவோர் 30 கோடிக்கு மேற்பட்டவர். அவருட் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர். பிரெஞ்சுக் கொடி பறந்த இடங்களிலேயே இம்மொழி பெரிதும் வேரூன்றியது. ஆயினும் 1763இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய கியூபெக்கில் அது அழியவில்லை. அங்குக் கொடி இறங்கிய பின்னும் திருச்சபையும் பள்ளியும் அதனைத் தாங்கி நின்றன.

நம் பேராக் மாநிலத்திற்கும் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிரெஞ்சு நிறுவனமொன்று கிந்தாப் பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டியது. ஈப்போவில் 1907இல் கான்வென்ட் பள்ளியும், 1912இல் செயின்ட் மைக்கேல் பள்ளியும் தோன்றின. இவற்றை நிறுவிய துறவியர் சபைகள் இரண்டும் பிரான்சிற் பிறந்தவை. எனினும் அவை இங்கே கற்பித்த மொழி ஆங்கிலமே! ஆட்சி ஆங்கிலேயருடையது, ஆகவே பள்ளியின் மொழியும் அவர்களுடையதாயிற்று.

இனி, தமிழர் பிரெஞ்சு நிலங்களுக்குச் சென்ற கதையை நோக்குவோம். 1848இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் ரியூனியன், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளில் ஒப்பந்தக் கூலிகளாய் இறங்கினர். குவாதலூப்புக்கு மட்டும் ஏறத்தாழ 42,000 இந்தியர் சென்றனர். அங்கே அவர்தம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி அமையவில்லை. 1880களில் ஆள் வரவும் நின்றது. தாயகத்தின் புதுக்குரல் வந்து சேரவில்லை. சில தலைமுறைகளில் வீட்டு மொழி கிரியோல் ஆயிற்று. எழுத்து மொழி பிரெஞ்சு ஆயிற்று. மாரியம்மன் வழிபாடும் தீமிதியும் தமிழ்ப் பெயர்களும் எஞ்சின. வழிபாட்டிற் பாடும் தமிழின் பொருளைப் பாடுவோரே அறியாத நிலையும் நேர்ந்தது. 1970இல் மூன்றாம் உலகத் தமிழ் மாநாடு பாரிசு மாநகரிலேயே கூடியது. பிரெஞ்சு அறிஞர் தமிழாய்ந்தனர். பிரெஞ்சு மண்ணிற் குடியேறிய தமிழர் மரபினரோ தமிழைப் பெரும்பாலும் இழந்திருந்தனர். இதனினும் இரங்கத்தக்கது வேறென்ன?

நாகப்பட்டினத்திற் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, பேராக்கின் பால்மரக் காடுகளுக்கு வந்தவரும் அதே வறியவரே, அதே மொழியினரே. ஆனால் கங்காணி முறையில் ஊருக்கும் தோட்டத்திற்கும் போக்குவரத்து நீண்டகாலம் தொடர்ந்தது. அன்றியும், 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்தல் வேண்டும் என்றது. எழுந்தவை பெரும்பாலும் எளிய கொட்டகைகள். ஓராசிரியரே பல வகுப்புகளையும் நடத்தினார். தொழிலாளியின் பிள்ளை தொழிலாளியாகவே இருக்கட்டும் என எண்ணிய முதலாளிகளும் உண்டு. ஆயினும் அக்கொட்டகைகளில் எழுதப்பட்ட அகரமே இந்நாட்டில் நூலாகவும் இதழாகவும் மேடையாகவும் வளர்ந்தது.

இன்று தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, லயங்கள் மறைந்தன, மக்கள் நகர்களுக்குப் பெயர்ந்தனர். மாணவர் குறைந்த பள்ளிகள் பல நம் மாநிலத்திலேயே உள்ளன. ரியூனியன் தமிழர்க்கு மொழிப்பற்று இல்லாமற் போகவில்லை. பள்ளியே இல்லாமற் போயிற்று. நமக்கோ அது கிடைத்திருக்கிறது. ஆட்சியின் துணையால் ஐந்து கண்டங்களிற் பரவிய மொழியைக் கண்டு வியப்பது எளிது. ஆட்சியின்றியும் பள்ளியொன்றாலேயே ஒரு மொழி வாழ முடியும் என்பதைக் காட்டும் பொறுப்போ, நம் ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் உள்ளது.