மின்நூற் கடைகள் நிரம்பிய கதை

ஒரு கடையில் ஏழு லட்சம் நூல்கள் உள்ளன என்று விளம்பரம் செய்தால், அத்தனையையும் அக்கடையே தேடித் தொகுத்தது என்றுதானே நாம் எண்ணுவோம்? மின்நூற் கடைகளின் தொடக்க கால வரலாறு அப்படி எண்ணக்கூடாது என்கிறது.

2007 நவம்பரில் அமெரிக்காவில் அமேசான் நிறுவனம் கிண்டில் என்னும் படிப்புக் கருவியை வெளியிட்டது. அன்று அதன் கடையில் ஏறத்தாழ 90,000 நூல்கள் இருந்தன. போட்டியாளர்கள் குறுக்கு வழி ஒன்றைக் கண்டனர். காப்புரிமை முடிந்த பழைய நூல்களைக் கூகுள் நிறுவனம் பெரிய நூலகங்களில் படமெடுத்து வைத்திருந்தது. அவற்றில் 5,00,000 நூல்களை 2009 மார்ச்சில் சோனி தன் பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டு ஜூலையில் பார்ன்ஸ் அண்ட் நோபிள் 7,00,000 நூல்கள் என்று அறிவித்தது. அவற்றுள்ளும் 5,00,000-க்கு மேற்பட்டவை கூகுள் தந்த இலவச நூல்களே! கழித்துப் பாருங்கள், விற்பனைக்குரியவை எத்தனை என்பது விளங்கும்.

தமிழின் நிலை என்ன? கிண்டில் கடையில் தமிழ் நூல்களுக்கு முறையாக இடம் கிடைத்தது 2016 டிசம்பரில்தான். ஆனால் தமிழ் மின்நூல்கள் அதற்கு வெகு முன்பே பிறந்துவிட்டன. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலாளர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியமின்றிப் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தனர்; பிழை திருத்தினர்.

அவர்கள் முன் நின்ற தடை விந்தையானது. கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். அந்நாளில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்குத் தன் விருப்பம்போல் எண் கொடுத்திருந்தது. ஒன்றில் தட்டச்சு செய்த பாடல் மற்றொன்றில் பொருளற்ற கிறுக்கலாயிற்று. 1999-இல் திஸ்கி என்னும் பொதுக்குறியீடு ஓரளவு ஒழுங்கு தந்தது. பின்னர் யூனிகோடு பரவியது. அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். 'க' என்பதன் எண் உலகெங்கும் 2965. இந்த ஒற்றுமை வந்த பின்னரே, ஒரிடத்தில் உருவான தமிழ் நூலை எந்தக் கருவியும் படிக்க முடிந்தது. கடைகளும் விற்க முடிந்தது.

இந்தியச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் நூல்கள் பொதுவுடைமையாகும். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும் எவரும் வெளியிடலாம். ஆகவேதான் பாரதியார் கவிதைகள் எல்லாப் பட்டியல்களிலும் காணப்படுகின்றன. ஒரே நூலைப் பத்துப் பேர் பதிப்பித்தால் பட்டியலில் பத்து எண்கள் ஏறும். அறிவு பத்து மடங்காகாது.

இன்று இளையரசனேந்தலில் உள்ள ஒரு மாணவர், கோவில்பட்டிக்கோ சங்கரன்கோவிலுக்கோ பேருந்து ஏறாமலே, கைபேசியில் சங்க இலக்கியம் படிக்கலாம். அதைத் தந்தது கடைகளின் போட்டி மட்டுமன்று. விலை வாங்காத உழைப்புமாகும். எனவே, அன்பர்களே, ஒரு பட்டியலின் எண்ணிக்கையைக் கண்டு மயங்காதீர்கள். அவற்றுள் புதியன எத்தனை, பிழையின்றிப் படிக்கத்தக்கன எத்தனை என்று கேளுங்கள்!