மலைநாட்டு லயங்களில் ஒலித்த குரல்



வானொலி அறிவிப்பாளர் ஒருவர் ஓய்வுபெறும் நாளை நேயர்கள் பெரும்பாலும் அறிவதில்லை. ஒரு காலைப்பொழுதில் வழக்கமான வேளையில் வேறொரு குரல் ஒலிக்கும்; பழைய குரல் நம் வீட்டு மனிதரின் குரலாயிருந்தது அப்போதுதான் விளங்கும். எஸ். பி. மயில்வாகனனையும் ராஜேஸ்வரி சண்முகத்தையும் அட்டன், நுவரெலியாப் பகுதி முதியோர் இன்றும் அவ்வாறே நினைவுகூர்கின்றனர்.

கொழும்பில் 1925-ஆம் ஆண்டு தொடங்கிய ஒலிபரப்பு, 1949-இல் இலங்கை வானொலியாக உருப்பெற்றது. மறு ஆண்டு வர்த்தக சேவை பிறந்தது. அதன் தமிழ்ப் பகுதிக்கு முன்னோடியாய் விளங்கியவர் மயில்வாகனன். 1952-இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியினின்றும் திரையிசையை ஒதுக்க முற்பட்டபோது, தமிழக இரசிகர்கள் கொழும்பை நாடினர். அது பலரும் அறிந்த புகழ். தோட்டப்புறத்திலோ அக்குரலுக்கு வேறொரு பொருளும் இருந்தது.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளருள் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. தோட்டத்துச் செக்ரோலில் இருந்த அவர்தம் பெயருக்கு வெளியுலகில் மதிப்பில்லை. அத்தகையோரின் பெயர், தோட்டத்தின் பெயரோடு சேர்ந்து, ‘நேயர் விருப்ப’த்தில் வானலை ஏறிற்று! லயங்களில் மின்சாரம் கிடையாது. முதலில் கணக்கப்பிள்ளை வீட்டுப் பெட்டியைச் சுற்றியும், பின்னர் டிரான்சிஸ்டரைச் சுற்றியும் கூடிக் கேட்டனர். அஞ்சலட்டை எழுத, எழுத்தறிந்த பள்ளிப் பிள்ளையைத் தேடுவார்கள். பெயரைப் பிழையாக எழுதினால் வானொலியிலும் பிழையாகவே ஒலிக்கும் என்னும் அச்சம் பிள்ளைக்கு இருக்கும். அதனினும் நல்ல எழுத்துப் பயிற்சியை எந்தப் பாடநூலும் அளித்ததில்லை என்பது என் துணிபு.

1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் இரு அரசுகளும் இசைந்தன. அக்கணக்கில் குடும்பங்கள் பிளந்தன. தலைமன்னாரில் கப்பலேறியோருள் பலர் நீலகிரியை அடைந்து, அங்கும் கொழுந்தே பறித்தனர். ஆயினும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இலங்கை வானொலி கேட்டது. அட்டனில் தங்கிய தங்கையும் கூடலூர் சென்ற அண்ணனும் ஒரே காலையில் ‘பொங்கும் பூம்புனல்’ கேட்டிருப்பர். கடிதம் கடல் கடக்கப் பல நாட்கள் செல்லும். அறிவிப்பாளரின் காலை வணக்கம் இரு கரைக்கும் ஒருசேர எட்டிற்று.

எஞ்சிய நாடற்றோருக்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை அளித்தது. ராஜேஸ்வரி சண்முகம் 2012 மார்ச்சில் காலமானார். அவர் பெயரைச் சொன்னால், எந்தப் பாடலுக்காக எந்த ஆண்டில் அட்டை போட்டோம் என்று முதியோர் இன்னும் தமக்குள் வழக்காடுகிறார்கள்.